பகல் தூக்கம்

ராத்திரி வண்டி ஓட்டுகிறவன் வீட்டில் பகல் என்பது ஒரு திருட்டுச் சமாச்சாரம். ஊரே விழித்துக்கொண்டு திரியும்போது ஒருவன் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். மிச்சப் பேர் நுனிக்காலில் நடந்து வேலை பார்க்க வேண்டும். சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இருந்த அந்த மாடி வீட்டில் பல வருஷமாக அப்படித்தான். கதவுக் கீல்களுக்கு மாசம் தவறாமல் எண்ணெய். பாத்திரம் கழுவும் தொட்டியில் பழைய துண்டை மடித்துப் போட்டு அதன் மேல்தான் தட்டை வைப்பாள் டிரைவர் பெண்சாதி. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று மூச்சு வாங்கும்போதே ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். கிழங்கு அரைவேக்காடாக நின்றாலும் கவலை கிடையாது. கீழே சைக்கிள் கடைக்காரர்கூட, சுத்தியல் எடுக்கிற வேலையெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பகலில் பஞ்சர் ஒட்டுவார், செயினுக்கு எண்ணெய் விடுவார். பழுது பார்க்க வந்தவன் எவனாவது மணியை அடித்துப் பார்த்தால் போதும், பாய்ந்துவிடுவார்.

"யோவ், மேல ஆள் தூங்குதுய்யா. உன் பெல்லு அடிக்கும், நான் சொல்றேன்ல? எடுத்துட்டுக் கிளம்பு."

இதில் டிரைவருடைய அதிகாரம் ஒன்றும் கிடையாது. சத்தம் போடாதே என்று அவன் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில், அதே தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர் விடிகாலையில் கண்ணசந்து வண்டியைப் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் விட்டார். முந்தின பகலில் வீட்டில் விருந்தாளிகள் வந்து அவர் தூக்கம் கெட்டுப்போயிருந்ததாம். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கே இவள் கறுப்புத் துணி வாங்கிவந்து ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தாள்.

"வண்டியில நாப்பது உசுரு ஏறுது. நாப்பது பேருக்கும் வீட்டுல ஒருத்தி முழிச்சுட்டு உக்காந்திருப்பா. உங்க தூக்கம் உங்களுது மட்டும் இல்லீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதுதான் சட்டம். அவன் தூங்கினான், அவள் காவல் இருந்தாள். அவன் ஓட்டிய வண்டியில் ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை என்று டிப்போவில் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமையில் பாதி தன் பெண்சாதியுடையது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டோடு ஒத்தே போகாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது அவளுடைய அக்கா. மாணவர் விடுதியில் இருநூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவள். ஹாஸ்டலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அண்டாக்களுக்கும் புகைக்கும் நடுவில் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஒருமுறை, "மெதுவாத்தாண்டி பேசறேன்" என்று தங்கையிடம் அவள் சொன்னதற்கு, கீழே கடைக்காரர், "இல்லைக்கா, கேக்குது" என்று பதில் சொன்னார். அதனால் அவள் வருவதென்றால் டிரைவர் வண்டிக்குக் கிளம்பின பிறகுதான் வருவாள்.

இப்போது அவளும் ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கியிருந்தாள். சின்னவன் பிறந்திருந்தான்.

மூத்தவள் போன பிறகு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன் அவன். மூத்தவளுக்கு அப்போது இரண்டரை வயசு. ஒரு ராத்திரி காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தவள், மறுநாள் பகலில் தூங்கினாள், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மூளைக்குப் போயிருக்கும் என்றார் ஒருவர், இதயத்தில் ஏதாவது இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். என்னவென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எமன் வந்து தூக்கிக்கொண்டு போனான் என்று ஹாஸ்டலக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குமேல் யாருக்கும் எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

சின்னவன் பிறந்த மறுநாளோ என்னவோ, நர்ஸ் அவன் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கிறார்களாம், பிறவிக் குறை ஏதாவது இருந்தால் தெரிந்துவிடுமாம். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும், அதுவரை பிள்ளையை ரொம்ப நேரம் பசியோடு விடாதீர்கள் என்றார்கள். "எந்தத் தாய்டி பசியோட விடுவா? இதுக்கு ஒரு போனா?" என்று ஹாஸ்டலக்கா சிரித்தாள். மறுபடியும் ரத்தம் எடுத்த பிறகு இன்னொரு போன் வந்தது. முடிவு வந்துவிட்டது, அப்பா அம்மா இரண்டு பேரும் வாருங்கள் என்று. டிரைவர் பெண்சாதிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கொதித்தது. "நீ படு. நான் வண்டியை விட்டுட்டு அப்படியே போய்ட்டு வரேன்" என்றான் டிரைவர்.

ராத்திரி முழுக்க ஓட்டிய கண் சிவந்து, சட்டையில் டீசல் வாடையோடு அவன் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தான். சின்ன வயசுக்காரி; ஆனால் அவசரப்படாத முகம்.

"அம்மா வரலையா?"

"காய்ச்சலுங்க. எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"சரி, கேளுங்கப்பா. பயப்படாம கேளுங்க. பையனுக்கு உடம்புல ஒரு குறை இருக்கு. மரபணுக் குறை. பேரு நீளமா இருக்கும், அதை அப்புறம் எழுதித் தரேன். நாம ஒருவேளை சாப்பிடலைன்னா உடம்பு என்ன பண்ணும்? சேத்து வச்சிருக்கிற கொழுப்பை எடுத்து எரிச்சு ஓட்டிக்கும். இவன் உடம்புக்கு அந்த வேலை வராது. வயித்துல பால் இருக்கிற வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. வயிறு காலியா ரொம்ப நேரம் கிடந்தா, ரத்தத்துல சர்க்கரை சடசடன்னு இறங்கிடும்."

"ரிசர்வ் இல்லாத வண்டிங்க."

"வண்டி ஓட்டறீங்களா?"

"பஸ்ஸு."

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரிசர்வ்ல டீசல் இருக்கு, ஆனா எஞ்சினுக்குப் போற குழாய் அடைச்சிருக்கு."

"பிழைப்பானாங்க?"

"அட, என்ன கேள்வி இது! நல்லா இருப்பான். ஓடுவான், படிப்பான், உங்களை மாதிரி வண்டியும் ஓட்டுவான். முன்னாடியே தெரிஞ்சுபோனதால சொல்றேன். இப்போதைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல பசியோட விடக்கூடாது. தூங்கினாலும் எழுப்பிக் குடுக்கணும். வளர வளர இடைவெளி கூடும். ஒண்ணே ஒண்ணு, காய்ச்சல் வந்துது, வாந்தி எடுக்கிறான், சாப்பாடு இறங்கலைன்னா வீட்டுல வச்சுப் பாக்காதீங்க. பாவம் அசந்து தூங்கறானேன்னு மட்டும் விட்டுடாதீங்க. நேரா இங்க தூக்கிட்டு வாங்க. சர்க்கரை ட்ரிப் போட்டா எழுந்து உக்காந்துடுவான்."

அசந்து தூங்கறானேன்னு மட்டும் விட்டுடாதீங்க. அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டது. அதற்குப் பிறகு அந்தம்மா சொன்னது கொஞ்ச நேரம் அவனுக்குக் கேட்கவில்லை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி, இரண்டு பேருக்கும் வெளியே தெரியாது, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டு போனவர், கடைசியில் சாதாரணமாகக் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி குழந்தைங்க இருக்கா?"

"இருந்தா."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவன் சொன்னான். முதல்நாள் சாயங்காலத்திலிருந்து சாப்பிடாதது, ராத்திரி பூராவும் வாந்தி, விடிந்த பிறகு தூங்கினது. தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டது. சொல்லச் சொல்ல அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உறுதியா சொல்ல முடியாதுப்பா. அவ ரத்தம் நம்மகிட்ட இல்லை."

"இருந்தாலும் சொல்லுங்க."

"இதுவா இருக்கலாம்."

"எழுப்பி ஏதாவது குடுத்திருந்தா? சும்மா ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி?"

"அப்படியெல்லாம் யோசிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கே அப்போ தெரியாது. இந்தச் சோதனையே அப்போ இங்க கிடையாது."

"டாக்டரம்மா, நான் கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

அந்தம்மா பொய் சொல்லத் தெரியாதவர் போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "நேரத்துக்குத் தூக்கிட்டு வந்திருந்தா இருந்திருக்கலாம்" என்றார்.

டிரைவர் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தான். "ஒரு உதவிங்க. அடுத்த வாரம் அவளைக் கூட்டிட்டு வரேன். மூத்தவளைப் பத்தி அவகிட்ட எதுவும் பேசிடாதீங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டவ. தாங்க மாட்டா."

"நானா பேச மாட்டேன். ஆனா அவங்க கேட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் கால் டிப்போவுக்குள் திரும்பிவிட்டது. அவனுடைய வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏறிப்போய்த் தன் இருக்கையிலேயே உட்கார்ந்தான். வெளியே கண்ணாடியில் தண்ணீர் அடித்து வழிந்தது. "என்னண்ணே, வீட்டுக்குப் போகலையா? அண்ணி சோத்துல மருந்து வச்சுட்டாங்களா?" என்று கழுவுகிறவன் கேலி பண்ணினான். டிரைவர் கையை மட்டும் ஆட்டினான்.

மூத்தவள் போன அன்றைக்குக் காலையில் அவன் வீட்டுக்கு வந்தபோது பெண்சாதி வாசலிலேயே நின்று குசுகுசுத்தது ஞாபகம் வந்தது. "ராத்திரி பூரா படுத்தி எடுத்துட்டா. இப்பத்தான் கண்ணசந்தா. நீங்க சாப்ட்டுப் படுங்க, நான் பாத்துக்கிறேன்." மூத்தவள் கட்டிலில் சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், சூடு குறைந்திருந்தது. அப்பாடா என்று பக்கத்திலேயே படுத்தான். படுத்ததும் தூங்கிவிட்டான். அதுதான் அவனை அறுத்துத் தின்றது. அந்த வருஷத்திலேயே அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் அவன் தூங்கினதில்லை. பக்கத்தில் பிள்ளை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரு கத்தல் கத்தினாளே, அதில்தான் எழுந்தான். அந்த வீட்டில் அவள் கத்தினது அந்த ஒரு தடவைதான். பிறகு எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு. அவன் தூங்க வேண்டுமே!

அவளைக் குற்றம் சொல்ல அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போதும் தோன்றவில்லை. ஆனால் இது தெரிந்தால் அவளே தன்னைச் சும்மா விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். காரணம் தெரியாத சாவை எப்படியோ விழுங்கி மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள். 'எழுப்பியிருந்தால் இருந்திருப்பாள்' என்பதை எப்படி விழுங்குவாள்? கையில் பச்சைப் பிள்ளை வேறு. பாதியைச் சொல்லி பாதியை மறைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு இறங்கினான்.

மாடிப்படியில் கால் வைக்கும்போதே சைக்கிள் கடைக்காரர் குசுகுசுத்தார். "பிள்ளை எப்படி?"

"நல்லா இருக்கான்."

"அப்ப சரி. நீ போய்த் தூங்கு."

உள்ளே ஹாஸ்டலக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன தம்பி, என்ன சொன்னாங்க? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? சொல்லித் தொலைங்களேன், எனக்கு ஈரக்கொலை நடுங்குது!"

பெண்சாதி கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் சின்னவன் தூக்கம். அவனைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த துணியை மட்டும் மடித்து முடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் சொன்னான். ரிசர்வ் டேங்க் கதையைச் சொன்னான். நன்றாக இருப்பான், ஓடுவான், படிப்பான் என்று டாக்டரம்மா சொன்னதை இரண்டு தடவை சொன்னான். நேரத்துக்குப் பால், காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

"இவ்வளவுதானா!" என்று ஹாஸ்டலக்கா தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். "அட போங்க தம்பி! நான் என்னமோ ஏதோன்னு பயந்தே செத்தேன். பால் குடுக்கிறது ஒரு வைத்தியமா? இருநூறு தடிமாடுங்களுக்கு நேரம் தவறாம பொங்கிப் போடறேன், இந்தப் பொடிப்பயலுக்குப் பாத்துக்க மாட்டேனா?"

பெண்சாதி மெதுவாகக் கேட்டாள். "தூங்கறப்பவுமா எழுப்பணும்?"

"ஆமா."

"நல்லா அசந்து தூங்கினாலும்?"

"அப்பத்தான் கண்டிப்பா எழுப்பணுமாம்."

"காய்ச்சல் வந்து தூங்கினா?"

"தூக்கிட்டு ஓடணும்."

"சரி" என்றாள். மடிக்காத துணியை மறுபடியும் விரித்து, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள். டிரைவர் முகம் கழுவுகிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்விட்டான்.

ஹாஸ்டலக்கா பின்னாலேயே வந்தாள். தட்டில் ரொட்டியை எடுத்து வைத்தவளுக்குக் கை பாதியில் நின்றுவிட்டது. வாய் பெரிதே தவிர மூளை மழுங்கினவள் இல்லை அவள். 

"தம்பி, அப்போ நம்ம மூத்தது..."

அவன் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "ஐயோ" என்று சொல்ல வாயைத் திறந்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பிறகு அவன் காதுக்குக் கிட்டே வந்து, தன் பிறவியிலேயே முதல் தடவையாக, மூச்சுக்காற்றில் பேசினாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் தங்கச்சி செத்துடுவா தம்பி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சொல்லலைக்கா."

"டாக்டர்கிட்ட?"

"சொல்லிட்டேன், நீங்களா பேசாதீங்கன்னு."

"நான் கூடவே இருக்கேன். போகப் போக மறந்துடுவா. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவன் தலையை ஆட்டினான். ரொட்டியைக் கடித்தான், வாய்க்குள் வைக்கோல் மாதிரி கிடந்தது. தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு அறைக்குத் திரும்பினான். அக்கா மாடிப்படி இறங்கும் ஓசை கேட்டது. கடைக்குப் போய் ஏதாவது வாங்கிவருகிறேன் என்று, அழுத முகத்தைத் தங்கைக்குக் காட்டாமல் இருக்கத்தான் போனாள்.

பெண்சாதி எழுந்து கறுப்புத் திரையை இழுத்துவிட்டிருந்தாள். அறை அரை இருட்டாகிவிட்டது. அவனுக்குப் போர்வையை உதறி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"படுங்க. சாயங்காலம் வண்டி எடுக்கணும்."

படுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவள் போகவில்லை.

"என்னங்க."

"ம்."

"அக்கா உங்ககிட்ட என்ன பேசினா?"

"ஒண்ணும் இல்லையே. சாப்பிடச் சொன்னாங்க."

"அக்கா பேசினது எனக்குக் கேக்கலை" என்றாள் அவள். "பிறந்ததுல இருந்து அவ பேசி எனக்குக் கேக்காம இருந்ததே இல்லை. இன்னிக்குக் கேக்கலை."

டிரைவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"டாக்டரம்மா மூத்தவளைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அது வேற, இது வேறயாம்."

"வேறன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எழுந்திருச்சு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்த அரை இருட்டிலும் அவள் முகம் தெரிந்தது. அழுகிற முகம் இல்லை. அவன் வாயைத் திறந்தான், பொய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ நமக்கும் தெரியாது, டாக்டருங்களுக்கே தெரியாது. அவங்களே சொன்னாங்க. நீ உன்னைப் போட்டு வதைச்சுக்காத. உன் மேல ஒரு தப்பும் இல்லை. தூங்கின பிள்ளையைத் தூங்க விடறது ஒரு தப்பா? எந்த அம்மாவும் அதைத்தான் பண்ணியிருப்பா."

"நான் எழுப்பினேங்க."

அவனுக்குப் புரியவில்லை. "என்ன?"

"எழுப்பினேன். யார்கிட்டயும் சொன்னதில்லை." அவள் குரல் அப்போதும் தாழ்ந்துதான் இருந்தது. அவன் தூங்குகிற நேரத்தில் பேசிப் பேசிப் பழகின குரல். "நீங்க படுத்துக் கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு என்னமோ மனசு கேக்கலை. நேத்து சாயங்காலத்துல இருந்து வயித்துல ஒண்ணும் இல்லையேன்னு பால் ஆத்தி எடுத்துட்டு வந்தேன். சர்க்கரை நிறையப் போட்டிருந்தேங்க, அவளுக்குப் பிடிக்கும்னு. தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தா. எழுந்து பால் குடிம்மான்னேன்."

"குடிச்சாளா?"

"உங்களைத் திரும்பிப் பாத்தா. நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீங்க. அவ மெதுவா கையை எடுத்து, இப்படி, வாயில விரலை வச்சு 'உஷ், அப்பா'ன்னா. எனக்குச் சொல்றா. சத்தம் போடாதேன்னு எனக்குச் சொல்றா. சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா."

அவள் தன் உதட்டின் மேல் வைத்த விரலை எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள்.

"நான் சிரிச்சேங்க. எவ்வளவு வெவரம் பாரு என் புள்ளைக்குன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சத்தம் வராம சிரிச்சுக்கிட்டே பாலை எடுத்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் நீங்க எழுந்ததும் உங்ககிட்ட சொல்லணும், நீங்களும் சிரிப்பீங்கன்னு வச்சிருந்தேன்."

டிரைவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நாற்பது பேரை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த மனுஷனுக்கு, ஒரு டம்ளர் பால் தன் தூக்கத்தைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது என்பது நெஞ்சைப் பிளந்தது. ராத்திரி ஓட்டுகிற வேலைக்குப் போன நாளைச் சபித்தான். தன் கண்ணைச் சபித்தான். 

"என்னை எழுப்பியிருக்கலாமே" என்றான். "தூக்கம் கெட்டா கெட்டுட்டுப் போகுது. என்னை எழுப்பி, நான் சொல்லியிருந்தா குடிச்சிருப்பாளே."

"அவதான் விடலையே" என்றாள் அவள்.

தெருவில் யாரோ காய்கறி விலை கேட்டுக்கொண்டு போனார்கள். டிரைவர் போனை எடுத்து டிப்போவுக்குப் பேசினான். இன்றைக்கு வேறு ஆளைப் போடுங்கள், கண் சரியில்லை என்றான். அங்கே என்னவோ கேட்டார்கள். "தூங்கலைண்ணே. தூங்காம எடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் தொட்டிலைப் பார்த்தாள். "நேரமாச்சு இவனுக்கு."

"எழுப்பு."

அவள் எழுந்து தொட்டில் வரைக்கும் போனாள். குனிந்தாள். சின்னவன் வாய் லேசாகத் திறந்து, வயிறு ஏறி இறங்க, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் தூங்கினான். அவள் கை பிள்ளையின் தோளுக்கு மேலே போய் நின்றது. இறங்கவில்லை.

"என்னால முடியலீங்க. நான் எழுப்பினா இவனும் கண்ணை மூடிக்குவான். நீங்க எழுப்புங்க."

டிரைவர் வந்து பிள்ளையைத் தூக்கினான். துணிப்பொதி மாதிரி கையில் குழைந்தது. கன்னத்தைத் தட்டினான். அசையவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினான், குதிகாலில் ஊசி குத்தின தடம் ஒரு புள்ளியாக இருந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் தூக்கத்தில் அமிழ்ந்தது.

"டேய்" என்றான். பழக்க தோஷத்தில் குரல் குசுகுசுவென்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். "டேய், எழுந்திருடா."

ஒன்றும் நடக்கவில்லை.

"டேய்! எழுந்திருடா! எழுந்திருடா என் ராசா!"

மூன்று வருஷமாக அந்த வீட்டுச் சுவர்கள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா படபடத்துக்கொண்டு பறந்தது. சைக்கிள் கடைக்காரர், "என்னாச்சு? மேல என்னாச்சு?" என்று தெருவிலிருந்து கூவினார். சின்னவன் திடுக்கிட்டு, இரண்டு கையையும் விரித்து, முகம் செக்கச் சிவந்து வீரிட்டான்.

அந்த வீறலைக் கேட்டதும் அவளுக்கு உடைந்துவிட்டது. பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மாடி, என் தங்கமே, என்னைப் பெத்த தாயே" என்று மூத்தவளைக் கூப்பிட்டுப் பெருங்குரலெடுத்து அழுதாள். துணி இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. மூன்று வருஷத்து அழுகை. படியேறி ஓடிவந்த ஹாஸ்டலக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அழாதடி" என்று சொல்லப் போனவளை டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினான்.

சின்னவன் பாலைப் பிடித்துக் குடிக்கத் தொடங்கின பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள். டிரைவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பிள்ளை தூங்கிவிடாமல் அதன் காதை நிமிண்டிக்கொண்டே இருந்தான்.